பலகை இல்லாத சரணாலயம்

பொங்கல் நாட்களில் தாமிரபரணி வயல்களிலும் நாங்குநேரிப் புஞ்சைக் காடுகளிலும் ஒரு பறவைப் பயணம்

பொங்கலுக்கு மறுநாள். அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு வாய்க்கால் பாலத்தில் ஒன்பது பேர் நிற்கிறோம். மணி 6.20. கிழக்கு வெளுத்துவிட்டது, மேற்கே பொதிகை மலை இன்னும் இருட்டுக்குள் இருக்கிறது. முதல் ஆள் வரப்பில் இறங்கியதுமே எங்கிருந்தோ ஓர் ஆள்காட்டி எழும்பிக் கத்தத் தொடங்கியது. வயக்காடு முழுக்க எங்கள் வரவு தெரிந்துபோயிற்று.

“அப்படியே நில்லுங்க” என்றார் முன்னால் போனவர். நின்றோம். அதன் குரல் அடங்க ஐந்து நிமிடம் ஆனது. பிறகுதான் வயல் எங்களை மறந்து தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தது. வாய்க்கால் ஓரத்துக் கோரையில் கதிர்க்குருவி ஒன்று ஏறி உட்கார்ந்து வாலைத் தூக்கியது. மின்கம்பியில் தகைவிலான்கள் வரிசையாக இறகு கோதின. கல்லென்று நினைத்திருந்த மண்கட்டி ஒன்று கழுத்தை நீட்டியபோதுதான் அது மடையான் என்று தெரிந்தது.

சுற்றிலும் பிசான நெல் முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. நடுவே ஒரே ஒரு வயலில் மட்டும் நடவு தள்ளிப்போயிருக்கிறது. தொழி அடித்துப் பரம்பு ஓட்டி, தண்ணீர் கட்டிப் போட்டிருக்கிறார்கள். தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பிய கல்லூரி மாணவி மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணத் தொடங்கினார். முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி தெளித்த பொறி உள்ளான்கள், இருபத்து மூன்று. அவற்றின் காலடியில் ஓடி ஓடிப் பூச்சி பொறுக்கும் மஞ்சள் வாலாட்டிகள், பதினான்கு. வட ஆசியாவின் சதுப்புகளிலும் புல்வெளிகளிலும் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டுப் பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்தவை. அரை ஏக்கர்கூட இல்லாத இந்தச் சேற்றில் அவை காலை உணவை முடித்துக்கொண்டிருந்தன.

அந்த வயலுக்குச் சரணாலயம் என்ற பெயர்ப்பலகை கிடையாது. காவலர் கிடையாது. எந்த வரைபடத்திலும் அது பறவைகளின் இடமாகக் குறிக்கப்படவில்லை. தமிழ்நாட்டுக்கு வலசை வரும் பறவைகளில் பல இப்படிப்பட்ட இடங்களில்தான் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. பறவை உறங்கும் குளத்துக்கும் கூடு கட்டும் மரத்துக்கும் நாம் சட்டப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறோம். அது சாப்பிடும் இடமோ ஒரு விவசாயியின் பட்டா நிலம். அங்கே என்ன பயிர் நிற்கிறது, எப்போது தண்ணீர் நிற்கிறது, எந்த மருந்து விழுகிறது என்பதை வைத்துத்தான் அதன் வாழ்வு நடக்கிறது. இதைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள ஒரே வழி, மார்கழியிலோ தையிலோ வரப்பில் இறங்கி நடப்பது.

மழை விட்ட பிறகு வரும் விருந்து

நம் குளிர்காலப் பறவைக் கூட்டத்துக்குப் பின்னால் இருப்பது வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையைப் பிடித்துவைக்க முன்னோர் வெட்டிய ஏரி, குளம், கண்மாய்கள் மாநிலத்தில் ஏறத்தாழ 40,000. அவை நிரம்பி, மடை திறந்து, வாய்க்கால் வழியே வயல்களில் தண்ணீர் பரவும் அதே வாரங்களில் வடக்கே ஏரிகள் உறைந்துபோகின்றன. மத்திய ஆசிய வான்வழி என்று அறிஞர்கள் அழைக்கும் பாதை, ஆர்க்டிக் கரையிலிருந்து இந்தியப் பெருங்கடல்வரை 30 நாடுகளைத் தொட்டுச் செல்கிறது. அதன் தென்முனையில் இருக்கும் பந்திதான் தமிழ்நாட்டு நஞ்சை.

தாமிரபரணிப் படுகையில் இரண்டு நெல் பருவங்கள் உண்டு: கார், பிசானம். காரில் வயலைத் தேடி வருவது பெரும்பாலும் உள்ளூர்ப் பறவைகள். ஐப்பசி, கார்த்திகையில் நட்டு மாசி, பங்குனியில் அறுக்கும் பிசானம்தான் வலசைப் பறவைகளின் பருவம். உழவு, நடவு, களையெடுப்பு என்று நிலம் மாறிக்கொண்டே இருப்பதால் வாரத்துக்கு ஒரு விருந்தாளி மாறுகிறது. தொழி உழவில் கொக்கும் மைனாவும்; நடவு முடிந்த தெளிந்த நீரில் உள்ளானும் வாலாட்டியும்; பயிர் உயர்ந்தபின் அதற்குள் மறைந்து நண்டும் நத்தையும் தேடும் நாரைகள்; பயிருக்கு மேலே பூச்சி பிடிக்கும் நீலவால் பஞ்சுருட்டானும் தகைவிலானும்; கதிர் முற்றும்போது சில்லையும் தூக்கணாங்குருவியும் பச்சைக்கிளியும்.

மடையில் நின்ற பெரியவர்

ஏழரை மணிக்கு மண்வெட்டியோடு ஒரு பெரியவர் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். தலையில் துண்டு.

“எந்தூருல இருந்து வாறிய?”

“திருநெல்வேலி, அண்ணாச்சி. பறவை கணக்கெடுக்க வந்திருக்கோம்.”

“கொக்கையா? கொக்கை எண்ணி என்ன செய்யப் போறிய?”

பதில் சொல்லுமுன் அவரே தொடர்ந்தார். “தொழி அடிக்கையில வந்து பாக்கணும். டிராக்டருக்குப் பின்னாலயே வரும். வெரட்டினாலும் போகாது. புழு பூச்சி பூரா மேல வந்துரும்லா.” தூரத்து வரப்பில் உட்கார்ந்திருந்த வெண்மார்பு மீன்கொத்தியைக் காட்டினார். “அது பேருதான் மீங்கொத்தி. இங்க அது திங்கது நண்டு. நண்டு வரப்பைத் தொளச்சுதுன்னா ராத்திரியோட ராத்திரியா தண்ணி பூரா அடுத்த வயலுக்குப் போயிரும். இதுவும் கொக்கும் இல்லன்னா வரப்பு அடைக்கவே தனி ஆளு வேணும்.”

தொலைநோக்கி இல்லாமல் அவர் பார்த்ததை நாங்கள் கையேட்டில் படித்திருக்கிறோம். எங்கள் எதிரே பயிருக்குள் நடந்துகொண்டிருந்த நத்தைகுத்தி நாரையின் அலகு முழுதாக மூடாது. நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். நத்தையை ஓட்டிலிருந்து உருவி எடுப்பதில் அந்த அலகுக்கு இணையில்லை. இரவானால் கூகை எலி பிடிக்க வருகிறது. பயிர் நடுவே பறவை தாங்கி நட்டுவையுங்கள் என்று வேளாண் துறை சொல்வது இதற்காகத்தான். டி வடிவத்தில் கட்டிய ஒரு குச்சி; பகலில் அதில் கரிச்சான் உட்கார்ந்து புழுவையும் அந்துப்பூச்சியையும் பிடிக்கும், இரவில் ஆந்தை உட்கார்ந்து எலியைப் பிடிக்கும்.

பெரியவர் கணக்கில் வரவு மட்டும் இல்லை. “மயிலுதான் தாங்கல. நீலக்கோழி வேற, தூரோட மிதிச்சுப் போட்டுட்டுப் போயிருது. இதை எவங்கிட்டப் போய்ச் சொல்ல?” அவர் கேட்டது நியாயமான கேள்வி. மயில் தேசியப் பறவை. சட்டத்தின் முழுப் பாதுகாப்பு அதற்கு உண்டு. அது தின்ற பயிருக்கு ஈடு வாங்க விவசாயி எத்தனை முறை அலைய வேண்டியிருக்கிறது என்பதை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பறவையை நேசிப்பவர்கள் இந்தக் குறையைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். விரக்தியில் யாரோ ஒருவர் வரப்பில் வைக்கும் விஷத் தானியம் மயிலோடு நிற்பதில்லை. காடை, புறா, மைனா என்று போய், செத்த பறவையைத் தின்ன வரும் பருந்துவரை அது கொல்கிறது.

ஊரே காவல் நிற்கும் இடங்கள்

வெயில் ஏறியதும் திருப்புடைமருதூருக்குப் போனோம். தாமிரபரணியோடு கடனாநதி சேரும் இடம். நாறும்பூநாதர் கோயிலைச் சுற்றியுள்ள பெரிய மரங்களில் கொக்கு, நாரைகளின் இரைச்சல். கிளைகளில் பழந்தின்னி வௌவால்கள். தங்கள் ஊர்ப் பறவைகளைக் காக்க வேண்டும் என்று ஊராரே முன்வந்ததால், 2005ஆம் ஆண்டு இது பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2002இல் வனவுயிர்ச் சட்டத்தில் செய்த திருத்தத்துக்குப் பிறகு நாட்டிலேயே முதலாவதாக அந்தத் தகுதி பெற்ற இடம் இந்தச் சின்ன ஊர்தான். பரப்பு மூன்று ஹெக்டேர்கூட வராது.

இப்படிக் காக்கும் வழக்கம் நம் கிராமங்களுக்குப் பழையது. வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரிப் பறவைகளைச் சுடக் கூடாது என்று 1798இலேயே செங்கல்பட்டு ஆட்சியரிடம் உத்தரவு வாங்கினார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் விளைச்சல் கூடும் என்பது அவர்கள் அனுபவம். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் மிரளும் என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. இந்த ஊர்களில் பறவையும் வேளாண்மையும் ஒரே கணக்கில் இருந்திருக்கின்றன.

கூந்தன்குளத்தை நாங்கள் அடைந்தபோது மணி மூன்று. 1994இல் சரணாலயமான இந்த ஊரில் நாரைகள் கூடு கட்டுவது குளத்து மரங்களில் மட்டும் இல்லை. தெருவோரத்து மரங்களிலும் வீட்டு முற்றத்து மரங்களிலும்தான். ஒரு வீட்டு வாசலில் அம்மா ஒருவர் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே வேப்பமரத்தில் மஞ்சள்மூக்கு நாரைகள் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தன. குளத்தில் வரித்தலை வாத்துகள் கரையேறி இளவெயில் காய்ந்தன. மங்கோலியா, திபெத் பீடபூமியிலிருந்து இமயமலையைத் தாண்டி வரும் வாத்துகள் இவை.

நான் கவனித்தது வேறொன்று. நாரைகள் கூட்டிலிருந்து கிளம்பி எல்லாத் திசைகளிலும் போய்க்கொண்டிருந்தன. சரணாலய எல்லையைக் கடந்து, அடுத்த குளத்துக்கு, அதற்கடுத்த வயலுக்கு. குஞ்சுக்குக் கொண்டுவரும் மீனும் தவளையும் பலவேளை பக்கத்து ஊர் வாய்க்காலிலிருந்து வருகின்றன. சரணாலயம் ஒரு வீடு என்றால், அதன் அடுப்பங்கரை சுற்றுப்பட்டு வயல்கள். அடுப்பங்கரையைப் பூட்டிவிட்டு வீட்டை மட்டும் காப்பாற்ற முடியுமா?

புஞ்சைக் காட்டில் அந்தி

தெற்குச் சீமையில் ‘காட்டுக்குப் போறேன்’ என்றால் புஞ்சைக்குப் போகிறேன் என்று பொருள். உளுந்து, சோளம், கம்பு, பருத்தி விதைக்கும் மானாவாரி நிலம். இடையிடையே உடைமரங்கள், பனைகள், விதைக்காமல் விட்ட தரிசு. நஞ்சைக்கு ஆசைப்பட்டு வரும் பறவைப் பிரியர்கள் இந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. அவர்கள் தவறவிடுவது நிறைய.

நாலரை மணிக்கு நாங்குநேரிப் பக்கம் ஒரு மண்சாலையோரம் நின்றோம். மின்கம்பியில் பனங்காடை. உட்கார்ந்திருக்கையில் மங்கலான பழுப்பு. வெட்டுக்கிளியைப் பிடிக்க இறங்குகையில் இறக்கை விரிந்தால் கண்ணைப் பறிக்கும் நீலம். உடைமுள்ளில் கீச்சான் ஒன்று வெட்டுக்கிளியைக் குத்திவைத்திருந்தது, பிறகு தின்னலாம் என்று. கருந்தோள் பருந்து இறக்கையை அடித்தபடி அந்தரத்தில் ஒரே இடத்தில் நின்று எலிக்குக் குறிவைத்தது.

ஐந்தேகாலுக்கு அவை வந்தன. பூனைப்பருந்துகள். இறக்கையை வி வடிவில் தூக்கி, தரையை உரசுவதுபோலத் தாழப் பறந்து, ஒரு வயலை முழுக்க அலசிவிட்டு அடுத்ததுக்குத் தாவின. கசகஸ்தான் புல்வெளிகளில் குஞ்சு பொரிக்கும் இந்த வேட்டைப் பறவைகளுக்கு இங்கே முக்கிய உணவு வெட்டுக்கிளி. இவை இரவில் மரத்தில் அடைவதில்லை. தரையில், புல்லுக்குள், கூட்டமாக உறங்குகின்றன. அப்படி உறங்கத் தேவைப்படும் புல்தரைக்கு வருவாய்த் துறை வைத்திருக்கும் பெயர் தரிசு. தரிசு என்று எழுதிவிட்டால் அதை மனையாக்கலாம், சூரியமின் தகடு பரப்பலாம், மண் அள்ளலாம். அன்று அந்தியில் எங்கள் கண்ணெதிரே ஐந்து பூனைப்பருந்துகள் அந்தத் தரிசில் ஒவ்வொன்றாக இறங்கி மறைந்தன.

அதே நேரத்தில் வடக்கே வானத்தில் புகைபோல ஒன்று எழுந்தது. சோளப்பட்சிகள். கரும்புகையும் இளஞ்சிவப்பும் கலந்த மைனாக் கூட்டம், ஆயிரக்கணக்கில். சுருண்டு, விரிந்து, ஒரே உடம்புபோலத் திரும்பி, எங்கள் தலைக்கு மேல் சீறிப் போயிற்று. சூறைக்குருவி என்றும் பெயர் உண்டு. விளைந்த சோளக் காட்டில் கூட்டமாக இறங்கினால் கதிர் மிஞ்சாது என்பதால் வந்த பெயர்கள் இவை. வெட்டுக்கிளிகளையும் இது அதே வேகத்தில் தின்கிறது. இது குஞ்சு பொரிக்கும் சீனாவின் சின்ஜியாங் பகுதியில் வெட்டுக்கிளியை அடக்குவதற்காகவே கல்லடுக்கிக் கூடு கட்டி இந்தப் பறவையை அழைக்கிறார்கள். அங்கே கூப்பிட்டு வைத்துக்கொள்ளும் விருந்தாளி, இங்கே விரட்டப்படும் திருடன். பறவை ஒன்றுதான். எந்தப் பயிர் எந்த மாதத்தில் நிற்கிறது என்பது மட்டுமே வேறு.

கணக்கு சொல்லும் செய்தி

2023இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. நீண்டகாலப் போக்கைச் சொல்லுமளவுக்குத் தரவு கிடைத்தவை 338. அவற்றில் 60 சதவீதம் குறைந்துகொண்டு வருகின்றன. திறந்த வெளிகளில் வாழும் பறவைகளும், வேட்டையாடும் பறவைகளும், வலசை வருபவையும் கூடுதலாக அடிபட்டிருக்கின்றன. நாங்கள் மின்கம்பியில் பார்த்த பனங்காடை 30 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருப்பதால், அதன் நிலையை உலக அளவில் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று அறிக்கை கேட்டுக்கொண்டது.

பனங்காடை ஏன் குறைகிறது என்பதற்குப் புஞ்சைக் காட்டில் நின்று பார்த்தாலே பாதி விடை தெரியும். அது கூடு வைப்பது பட்டுப்போன பனையின் பொந்தில். பனை செங்கல் சூளைக்குப் போயிற்று. 2021இல் வந்த தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, ஆட்சியர் அனுமதியின்றிப் பனையை வெட்டக் கூடாது என்று அறிவித்தது, நல்ல முடிவு. பட்ட பனையையும் நிற்கவிட வேண்டும் என்பது இன்னும் நம் மனதில் ஏறவில்லை. உயிர்வேலிகள் போய்க் கம்பிவேலிகள் வந்தன. கீச்சானுக்கு முள் இல்லை. பூச்சிக்கொல்லி விழுந்த வயலில் பூச்சி இல்லை. பஞ்சுருட்டானுக்கு வேலை இல்லை.

‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கைக்கு ஆதாரமாக அமைந்தவை, 30,000க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் இ-பேர்டு தளத்தில் ஏற்றிய பதிவுகள். ஆசிரியர்கள், மாணவர்கள், வங்கி ஊழியர்கள், இல்லத்தரசிகள். தமிழ்நாட்டில் 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. நான்கு நாள், ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் பதிந்தால் போதும். தாமிரபரணிக் குளங்களில் 2011இலிருந்து தன்னார்வலர்கள் ஜனவரிதோறும் நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். ஒரு நாள் எண்ணிக்கை ஒரு காட்சி. பத்தாண்டு எண்ணிக்கை ஒரு சாட்சி. குளம் ஆக்கிரமிக்கப்படும்போதும் கழிவுநீர் கலக்கும்போதும் அதிகாரிகள் முன் வைக்க அந்தச் சாட்சி வேண்டும்.

வரப்பில் இறங்குமுன்

இந்தத் தை மாதம் நீங்களும் கிளம்பலாம். பெரிய செலவு இல்லை. 8 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கி ஒன்று போதும். அது இல்லாவிட்டாலும் கண்ணும் காதும் போதும். ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதி க்ரியா வெளியிட்ட ‘பறவைகள்: அறிமுகக் கையேடு’ தமிழில் தொடங்க நல்ல துணை.

வெளிச்சம் வருமுன் போய்ச் சேருங்கள். ஆறரையிலிருந்து ஒன்பதுவரைதான் பொன்னான நேரம். பளிச்சென்ற சட்டை வேண்டாம். கணுக்கால் மூடிய காலணி கட்டாயம். பனிக்கால வரப்பில் கண்ணாடிவிரியன் படுத்திருக்கும், பார்த்துக் கால் வையுங்கள். நிலத்துக்காரர் இருந்தால் முதலில் அவரிடம் ஒரு வார்த்தை. பயிரை மிதிக்காதீர்கள். மடையைத் தொடாதீர்கள். செல்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். அதற்கு அது வீண் அலைச்சல். கூடு இருக்கும் இடத்தைப் படம் எடுத்துப் பரப்பாதீர்கள். குழந்தைகளைக் கூட்டிப் போங்கள். பெயர் சொல்லிக் கொடுக்க அவசரப்படாமல் அவர்களைப் பார்க்க விடுங்கள்.

எங்கள் குறிப்பேட்டில் பறவை, எண்ணிக்கை, நேரம் என்ற மூன்று கட்டங்களோடு நான்காவதாக ஒன்று உண்டு: பயிர். அன்று அதில் ‘பிசானம், நட்டு 50 நாள், ஒரு வயல் தொழி’ என்று எழுதினோம். இந்த நான்காவது கட்டம் இல்லாவிட்டால் மற்ற மூன்றுக்கும் காரணம் தெரியாது.

மறுநாள் காலை

கணக்கெடுப்பின் ஒழுங்குக்காக மறுநாளும் அதே வரப்புக்கு அதே நேரத்தில் போனோம். ஆள்காட்டி முந்தின நாள்போலவே ஊரைக் கூட்டியது. தொழி அடித்த வயலில் பொறி உள்ளான்கள் இருபத்தொன்று. இரண்டு குறைந்திருந்தன, அல்லது எங்கள் கண்ணுக்குத் தப்பியிருந்தன. பெண்கள் நாற்று முடிகளோடு வரப்பில் வந்துகொண்டிருந்தார்கள். இன்று நடவு. உள்ளான்கள் சற்றுத் தள்ளிப் போய் இறங்கின.

பெரியவர் மடையருகே நின்றார். எங்களைப் பார்த்ததும் சிரித்தார்.

“அடுத்த வருசமும் வருவியளா?”

“வருவோம், அண்ணாச்சி. இதே வரப்பு, இதே நேரம்.”

அவர் வயலைப் பார்த்தபடி சொன்னார். “நா நெல்லு போடுதனோ வாழை போடுதனோ. நெல்லுக்கு ஆளும் கெடைக்கல, வெலையும் கெடைக்கல. மேலப்பத்துல பாதி வாழையாயிட்டு.” கொஞ்சம் நிறுத்தினார். “வாழை போட்டா இந்தக் குருவி வருமா?”

பொய் சொல்ல மனம் வரவில்லை. “வாழைக்குள்ள வேற குருவி வரும், அண்ணாச்சி. இது வராது. இதுக்குத் தண்ணி நிக்கிற தொழி வேணும்.”

அவர் பதில் சொல்லவில்லை. நெல்லுக்குக் கட்டுபடியாகும் விலை கேட்டு விவசாயி நிற்கையில், இந்த உள்ளானுக்கும் சேர்த்துத்தான் நிற்கிறார் என்பது அந்த அமைதியில் எனக்கு உறைத்தது. வலசைப் பறவையைக் காக்க விரும்புகிறவர்கள் அவரோடு சேர்ந்து குரல் கொடுக்க வேண்டிய இடம் அது.

குனிந்து மடையை அடைத்திருந்த மண்ணை மண்வெட்டியால் தள்ளினார். தண்ணீர் வயலுக்குள் சலசலத்து இறங்கியது. குறிப்பேட்டில் அன்றைய எண்ணிக்கையை எழுதி முடித்து, அடுத்த பொங்கலுக்கான பக்கத்தில் தேதியை மட்டும் குறித்துவைத்தேன். பயிர் என்ற கட்டம் காலியாக இருக்கிறது.